நாய் பிடிக்கும் சார்

ஒரு காட்டில், அதாவது ஊர் முடிந்துவிட்டது என்று ஊர்க்காரர்களும் காடு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று மிருகங்களும் சொல்கிற ஓர் இடத்தில், செவலை என்று ஒரு நாய் இருந்தது.

செவலைக்கு எல்லாவற்றுக்கும் பயம். இடிக்குப் பயம், பட்டாசுக்குப் பயம், தன் வாலே திடீரென்று ஆடினால் அதற்கும் பயம். இந்தப் பயங்களை எல்லாம் ஒரு கூடையில் போட்டாலும் இன்னொரு பயத்துக்கு ஈடாகாது. அது சிறுத்தைப் பயம். போன ஈற்றில் செவலை மூன்று குட்டி போட்டது. மூன்றும் இப்போது இல்லை. இந்த ஈற்றில் ஒன்றே ஒன்று. கறுப்பாக, கைப்பிடி அளவில் இருந்ததால் உளுந்து என்று பெயர் வைத்தது.

"இவனையாவது படிக்க வச்சு ஆளாக்கிடணும்" என்று நினைத்துக்கொண்டது செவலை. படித்த நாயைச் சிறுத்தை தின்னாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். எல்லாருக்கும் அப்படி யாரோதான் சொல்கிறார்கள்.

அந்த இடத்தில் ஒரு பயிற்சி மையம் இருந்தது. 'நாற்கால் நன்னடத்தை நாய்ப் பயிற்சி மையம் (இங்கிலீஷ் மீடியம்)' என்று போர்டு. சேர்க்கைக்குக் கோழி கூவும் முன்பே வரிசை. வரிசையில் செவலைக்குப் பின்னால் டாலி நின்றது. டாலி ஒரு பொமரேனியன். பங்களாவில் வளர்ந்து, முடி கொட்டுகிறது என்று பங்களாவால் வெளியேற்றப்பட்டது. ஆனாலும் பங்களா இன்னும் அதன் மூக்கில் இருந்தது.

"நாங்கள்லாம் வீட்ல இங்கிலீஷ்தான்" என்றது டாலி. "எங்க ரோஜருக்குத் தமிழ் சுத்தமா வராது."

"எங்க உளுந்துக்கு எதுவுமே சுத்தமா வராதுங்க" என்று ஒப்புக்கொண்டது செவலை.

விண்ணப்பப் படிவத்தில் 'தந்தை பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. செவலை வெகு நேரம் யோசித்தது. பிறகு 'கார்த்திகை மாசம்' என்று எழுதியது. 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'அன்றைக்கு மட்டும்' என்று எழுதியது. படிவத்தை வாங்கிக்கொண்டார்கள். கட்டம் காலியாக இல்லை, அதுதான் முக்கியம்.

அந்த மையத்தின் பயிற்றுநர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு ரத்தினம்.

தலைமை, கொக்கு மதர். வெள்ளை உடுப்பு, ஒற்றைக்கால், ஓயாத மௌனம். இருபது வருடம் ஒரு குளத்தில் அசையாமல் நின்ற அனுபவம். குளத்தை மூடி பஸ் ஸ்டாண்ட் கட்டிய பிறகு கல்விப் பணிக்கு வந்தார். அவர் எடுக்கும் பாடம் 'ஸ்டே'. காலையில் வகுப்புக்கு வந்து "ஸ்டே" என்பார். சாயங்காலம் பெல் அடிக்கும். அவ்வளவுதான் பாடம்.

அடுத்து கிடா மாஸ்டர். ஒரு கோயில் கொடையில் அவரை மாலை போட்டு நிறுத்தித் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், வெட்டிவிடுவார்கள். கிடா சிலிர்க்கவில்லை. ஒரு செம்பு ஊற்றினார்கள். ஒரு குடம் ஊற்றினார்கள். காதுக்குள் ஊற்றினார்கள். அம்மிக்கல் மாதிரி நின்றார். சாமிக்கு இஷ்டமில்லை போல என்று அவிழ்த்து விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் எதற்கும் உடம்பை ஆட்டுவதில்லை, தலையையும் ஆட்டுவதில்லை. அவர் பாடம், 'குளித்த பின் உதறாமலிருத்தல்'. அதனால் பாதி வகுப்புக்கு எப்போதும் ஜலதோஷம்.

மூன்றாவது பூனை மிஸ். நாய்களோடு பதினோரு வருட நேரடிக் கள அனுபவம். அத்தனை வருடமும் நாய்களுக்கு முன்னால் ஓடிய அனுபவம். அவர் பாடம் 'ரன்'. பாதுகாப்பு கருதி மதில் மேலிருந்துதான் நடத்துவார். "நோட்டை எடுத்துக்கிட்டு மேலே வாங்க, கரெக்ஷன் பண்ணித் தர்றேன்" என்பார். எந்த நாய்க்குட்டி மதில் ஏறும்? ஒரு நோட்டும் திருத்தப்படவில்லை. யாருக்கும் ஒரு தப்பும் இல்லை என்று பெற்றோருக்கு ரொம்பத் திருப்தி.

மையத்தின் சட்டம் ஒன்றே ஒன்று. 'லொள்' என்று குரைக்கக் கூடாது, அது தமிழ். 'பவ் வவ்' என்றுதான் குரைக்க வேண்டும். தப்பித் தவறி 'லொள்' வந்துவிட்டால் முன்னங்காலால் காதைப் பிடித்துக்கொண்டு பத்து தோப்புக்கரணம். உளுந்து முதல் வாரம் நூற்றுநாற்பது போட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'நாய்ப் பயிற்சி மையங்களில் குறைந்தது ஒரு பயிற்றுநருக்காவது நாய் பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் அங்கீகாரம் ரத்து.'

கொக்கு மதர் ஸ்டாஃப் மீட்டிங் போட்டார்.

"பூனை மிஸ், உங்களுக்கு நாய் பிடிக்குமா?"

"மதர், அதுங்களுக்குத்தான் என்னைப் பிடிக்கணும்னு ஆசை. எனக்கு அப்படியெல்லாம் இல்ல."

"கிடா மாஸ்டர்?"

கிடா மாஸ்டர் ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை.

"எனக்கும் மீன்தான் பிடிக்கும்" என்று பெருமூச்சு விட்டார் மதர். உடனே மரத்தில் விளம்பரம் ஒட்டினார்கள்: 'நாய் பிடிக்கும் பயிற்றுநர் தேவை.'

மறுநாளே சிறுத்தை வந்தது. தலையைப் படிய வாரி, கால்நகங்களை உள்ளே இழுத்து, கக்கத்தில் ஃபைலோடு.

"உட்காருங்க. நாய் பிடிக்குமா?" என்று கேட்டார் மதர்.

"பிடிக்கும் மதர்."

"ரொம்பப் பிடிக்குமா?"

"வாரத்துக்கு ரெண்டு மூணு பிடிக்கும்."

"எந்த மாதிரி நாய்?"

"நான் பாகுபாடே பார்க்கிறதில்ல மதர். நாட்டு நாயும் பிடிக்கும், சீமை நாயும் பிடிக்கும். குட்டின்னா ஒருபடி கூடுதலாவே பிடிக்கும்."

பூனை மிஸ் மதில் மேலிருந்து குறிப்பெடுத்தார்: 'குழந்தைகளிடம் தனிப் பிரியம்.'

"ஏற்கெனவே பழகின நாய்ங்க கிட்ட உங்களைப் பத்தி விசாரிக்கலாமா?"

"தாராளமா. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட என்னைப் பத்தி ஒரு புகார் சொன்னதில்ல."

"சாப்பாடு?"

"செவ்வாய், வெள்ளி, சனி சுத்த சைவம் மதர்."

மதருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஒழுக்கமா! அங்கேயே நியமன உத்தரவு கொடுத்தார். உத்தரவு கைக்கு வந்த நிமிடத்திலிருந்து சிறுத்தை 'அது' இல்லை, 'அவர்'. சிறுத்தை சார்.

செய்தி கேட்டு செவலைக்கு நாலு காலும் நாலு திசைக்குப் போயின. ஓடிப் போய் கேட்டைப் பிடித்துக்கொண்டது.

"மதர், மதர்! அவரு சிறுத்தைங்க!"

"தெரியும்மா. பயோடேட்டாவிலேயே போட்டிருக்கார். ஒளிவு மறைவே இல்லாத மனுஷர்."

"என் புள்ள சின்னதுங்க மதர்."

"இதோ பாருங்க உளுந்து மம்மி" என்று கொக்கு மதர் அடுத்த காலுக்கு மாறினார். அவர் கால் மாறினால் கோபம் என்று அர்த்தம். "பிள்ளைங்க எல்லாம் நல்லா செட்டில் ஆயிட்டாங்க. பேரண்ட்ஸ்தான் செட்டில் ஆக மாட்டேங்கறீங்க."

அம்மாக்களுக்கு என்று போனில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. நாய்க்கு ஏது போன் என்பீர்கள். பிள்ளையைப் பள்ளியில் போட்டால் எப்படியாவது வாங்கித்தான் ஆக வேண்டும். அதில் செவலை தன் பயத்தைச் சொன்னது. டாலி உடனே பதில் போட்டது: "இனம் பார்த்துப் பேசாதீங்க சிஸ்டர். டீச்சரை டீச்சரா மட்டும் பாருங்க." அதற்குக் கீழே இருபத்தைந்து பேர் கட்டைவிரல் படம் போட்டார்கள். ஒருவருக்கும் கட்டைவிரல் கிடையாது.

சிறுத்தை சார் வந்த பிறகு மையம் ஆளே மாறிவிட்டது. சுவருக்குச் சுவர் அட்டவணை. தினமும் எடை பார்த்தார். ஒல்லிக் குட்டிகளுக்கு இரண்டாம் தடவை சோறு போட்டார், அருகில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார், வாயைத் துடைத்துவிட்டார். முதுகைத் தடவிப் பார்த்து "இன்னும் ஒரு வாரம்" என்று சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டார். "எங்க வீட்ல ஒரு வாய் வாங்க மாட்டான், சார் கிட்ட மூணு தட்டு சாப்பிடறான்" என்று அம்மாக்கள் குழுவில் உருகினார்கள்.

மாதக் கடைசியில் ரேங்க் போட்டார்கள், எடைவாரியாக. உளுந்து முதல் ரேங்க்.

செவலை ரேங்க் கார்டை இரண்டு முறை படித்தது. அதன் பரம்பரையில் யாரும் எதிலும் முதலில் வந்ததில்லை. ஒரே ஒரு நொடி, பாவம், அதற்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடி உளுந்தின் தொடையைப் பார்த்தது. உடனே கொக்கு மதரிடம் ஓடியது.

"மதர், என் பையனுக்கு டி.சி. கொடுத்துடுங்க."

"கிளாஸ் டீச்சர் கையெழுத்து வேணும். உளுந்துக்குக் கிளாஸ் டீச்சர் சிறுத்தை சார்தான்."

செவலை வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தது. தானே நடந்து சிறுத்தையின் முன்னால் போய் நின்றது.

"உளுந்து அம்மாவா? வாங்க வாங்க" என்றார் சிறுத்தை சார், எழுந்து நின்று. "உங்க மூத்த பசங்க மூணு பேரையும் எனக்கு நல்லாத் தெரியுமே!"

செவலை டி.சி. படிவத்தை மட்டும் முன்னால் தள்ளியது.

"நல்ல பசங்க. ஆனா உளுந்து அவங்களைவிட ஒருபடி மேல வருவான்னு தோணுது."

"டி.சி...யில ஒரு கையெழுத்து..."

"அடடா, இப்பவே எதுக்கு அவசரம்? ஞாயித்துக்கிழமை போகட்டும். அப்புறம் ரெஜிஸ்டர்ல இருந்து பேரை எடுத்துடலாம், நானே எடுத்துடறேன்."

அன்று சாயங்காலமே சுற்றறிக்கை வந்தது: 'வரும் ஞாயிறு மதியம் பன்னிரண்டரை மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். முதல் ரேங்க் மாணவனை வைத்து சிறுத்தை சார் செய்முறை விளக்கம் அளிப்பார். அனைவரும் வந்து கண்டு களிக்கவும். முதல் ரேங்க் மாணவன் நன்றாகக் குளித்து, மஞ்சள் பூசி வரவும். கிராஃப்ட் வேலைக்காகப் பெற்றோர் கொண்டு வர வேண்டியவை: இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம் (உரித்தது), தலைவாழை இலை ஒன்று. பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டியிருக்க வேண்டும்.'

செவலை சுற்றறிக்கையை முகர்ந்து பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை. மதியம். பன்னிரண்டரை. உலகத்தில் எந்த வகுப்பு அந்த நேரத்தில் நடக்கும்? குழுவைத் திறந்து பார்த்தது. "சின்ன வெங்காயத்துக்கு பதிலா பெரிய வெங்காயம் அலவ்டா?" என்று டாலி கேட்டிருந்தது. "பூண்டுக்கு லேபிள் எங்க ஒட்டணும்?" என்று இன்னொரு அம்மா கேட்டிருந்தது.

சனிக்கிழமை ராத்திரி, "நீ நாளைக்குப் போக வேணாம்டா" என்றது செவலை.

"அட்டென்டன்ஸ் போயிடும்மா" என்றது உளுந்து.

"போனா போகட்டும். அவரு உன்னைத் தின்னுடுவாருடா."

உளுந்துக்கு அழுகை வந்துவிட்டது. "பூனை மிஸ் என் நோட்டைத் திருத்தினதே இல்ல. மதர் என் பேரையே சொன்னதில்ல. சிறுத்தை சார் ஒருத்தர்தான் என்னைப் பார்த்து, நீ ரொம்ப நல்லா இருக்கேன்னு சொன்னாரு. உனக்குப் பொறுக்கல!"

செவலை குட்டியைப் பழைய சிமென்ட் குழாய்க்குள் தள்ளி, வாசலில் தானே குறுக்கே படுத்துக்கொண்டது. குழாய்க்கு இரண்டு வாசல் என்பது ஞாயிறு பதினொன்றரை மணிக்குத்தான் தெரிந்தது.

மைதானத்தில் இருபத்தேழு குட்டிகளும் வரிசையாக 'சிட்' நிலையில் இருந்தன. நடுவில் தானே மஞ்சள் பூசிக்கொண்டு வந்த உளுந்து. எதிரே சிறுத்தை சார். பக்கத்தில் மசாலா தடவி விரித்த வாழை இலை, ஒரு கிண்ணத்தில் மீதி அரைத்த இஞ்சி பூண்டு. இலையைப் பார்த்து, சிறப்பு விருந்தினர் யாரோ வருகிறார் என்று கொக்கு மதர் உடுப்பைச் சரிசெய்துகொண்டார். அம்மாக்கள் கேட்டுக்கு வெளியே. 'பெற்றோர் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது' என்று சுண்ணாம்புக் கோடு. செவலை நாக்கு தரையில் இழுபட ஓடிவந்தபோது கேட்டைப் பூட்டியிருந்தார்கள்.

"கம்" என்றார் சிறுத்தை சார். உளுந்து போனது.

"சிட்." உட்கார்ந்தது.

"லை டவுன்." படுத்தது.

"எவ்வளவு ஒபீடியன்ட்!" என்று டாலி மெய்சிலிர்த்தது.

"ரோல்." உளுந்து இலை மேல் மசாலாவில் ஒரு புரளல் புரண்டது. கைதட்டல். சிறுத்தை சார் நாக்கால் உதட்டை ஒருமுறை சுற்றி வந்தார். கைதட்டல்.

"உளுந்து! ஓடுடா! ஓடு!" என்று செவலை தொண்டை கிழியக் கத்தியது.

உளுந்து படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தது. காது வரைக்கும் வெட்கம். "அம்மா, தமிழ்ல பேசாதம்மா. எல்லாரும் பார்க்கிறாங்க."

சிறுத்தை சார் வாயைத் திறந்தார். உளுந்தைவிடப் பெரிய வாய்.

செவலைக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தம் ஒரு சொல். பங்களா வாசலில் மீந்த சோற்றுக்காக நின்ற காலத்தில், பங்களாக்கார அம்மா கையை உதறி உதறிச் சொன்ன சொல். அதைக் கேட்டால் அந்த இடத்தைவிட்டு ஓட வேண்டும். பின்னாலேயே செருப்பு வரும். அவ்வளவு இலக்கணமும் அதற்குத் தெரியும். செவலை கண்ணை மூடிக்கொண்டு, இருந்த மூச்சை எல்லாம் திரட்டி அந்த ஆங்கிலத்தைக் கத்தியது.

"ஷூ! உளுந்து, ஷூ! எல்லாரும் ஷூ! ஷூ! ஷூ!"

ஓடுங்கள் என்றுதான் அது சொன்னது. ஆனால் மைதானத்தில் இருந்தவை தமிழ்நாட்டு நாய்க்குட்டிகள். 'சூ' என்றால் ஓடு என்று எந்தத் தமிழ் நாய்க்கும் தெரியாது. 'சூ' என்றால் பாய், பிடி, விடாதே, கடி. இதை யாரும் எந்த மையத்திலும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிறக்கும்போதே பல்லோடு சேர்ந்து முளைக்கிற பாடம்.

இருபத்தேழு குட்டிகளின் காதும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. அடுத்த கணம் சிறுத்தை சாருக்கு இருபத்தேழு வால் கூடுதலாக முளைத்தது. காதில் இரண்டு, கழுத்தில் ஐந்து, வாலில் ஒன்பது, மற்றதைச் சொல்வது மரியாதையில்லை. மூக்கில் உளுந்து.

"சிட்!" என்று அலறினார் சிறுத்தை சார். "ஸ்டே! டவுன்! நோ!"

உச்சரிப்பில் குறையே இல்லை. குட்டிகள் அனைத்தும் "லொள் லொள் லொள்" என்று குரைத்தன. வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே பேசுகிற ரோஜர் எல்லாரையும்விடச் சத்தமாக, "லொள்ளு!" என்றது. டாலி வேறு யாருடைய அம்மாவோ மாதிரி திரும்பி நின்றுகொண்டது. இருபத்தேழு நாய்கள் பாய்வதைப் பார்த்த பூனை மிஸ், யார் மேல் பாய்கின்றன என்று பார்க்கவெல்லாம் நிற்கவில்லை. பழக்க தோஷம், நாலு மரம் தாண்டிப் போய்விட்டார். கிடா மாஸ்டர் மேல் ஒரு கிண்ணம் இஞ்சி பூண்டு கவிழ்ந்தது. அவர் உதறவில்லை.

சிறுத்தை கேட்டை உடைத்துக்கொண்டு ஓடியது. ஆமாம், மறுபடியும் 'அது' ஆகிவிட்டது. கடைசியாகப் பார்த்தவர்கள் அது மூன்று குட்டிகளோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனதாகச் சொன்னார்கள். குட்டிகள் திரும்பி வந்தன. சிறுத்தை வரவில்லை.

செவலை கண்ணைத் திறந்தபோது உளுந்து எதிரே நின்றது, வாயில் ஒரு மீசையோடு.

கொக்கு மதர் இரண்டு காலையும் ஊன்றி நடந்து வந்தார். அப்படி அவரை யாரும் பார்த்ததில்லை.

"உளுந்து மம்மி! ஒரே ஒரு இங்கிலீஷ் கமாண்ட். இருபத்தேழு பேர். இருபத்தேழு பேருக்கும் புரிஞ்சிருக்கு! நூறு சதவீத ரிசல்ட்! இத்தனை வருஷத்துல எங்க யார் கமாண்டும் ஒருத்தருக்குக்கூடப் புரிஞ்சதில்லம்மா!"

"டி.சி. மதர்..." என்றது செவலை.

"கிளாஸ் டீச்சர் போஸ்ட் காலி. புதுசா ஆள் போட்டாத்தான் கையெழுத்துக் கிடைக்கும்." மதர் ஒரு தாளை எடுத்து விறுவிறுவென்று எழுதி நீட்டினார். "போட்டாச்சு. நீங்கதான் மிஸ்."

செவலை மிஸ் நியமன உத்தரவை ஒரு காலிலும் டி.சி. படிவத்தை இன்னொரு காலிலும் வைத்துக்கொண்டு நின்றார். பேனாவைத் திறந்தார். வகுப்பறையை எட்டிப் பார்த்தார். டீச்சர் நாற்காலியிலிருந்து முதல் பெஞ்ச் தெரிந்தது. கேட் தெரிந்தது. பின்வாசல், மதில், தண்ணீர்த் தொட்டி, எல்லாம் தெரிந்தன. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை பிள்ளையைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம், யாரும் 'செட்டில் ஆகுங்க' என்று சொல்ல முடியாது. பேனாவை மூடிவிட்டார்.

முதல் பெஞ்சிலிருந்து உளுந்து மெல்லக் கூப்பிட்டது. "அம்மா... மிஸ். நீ கடிக்கத்தானே சொன்ன? அது இங்கிலீஷா, தமிழா?"

செவலை மிஸ் வாசலைப் பார்த்தார். கொக்கு மதர் ஒற்றைக்காலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்கிலீஷ்தான்டா" என்றார்.

நீதி: பிள்ளையைக் காப்பாற்ற அம்மாவுக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல் தெரிந்தால் போதும், ஆனால் அது பிள்ளைக்குத் தப்பாகப் புரிய வேண்டும்.